கதவில்லாத கண்ணாடிப் பெட்டி

2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். முந்தின நாள் மாலை பிடித்த தூறல் விட்டபாடில்லை. திருச்சி மன்னார்புரத்தில், எங்கள் போர்க்கால வரலாற்றுக் காட்சியகத்தின் புதிய கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். சுவரில் மாட்டியிருந்த மானி காற்றின் ஈரத்தை எண்பத்து நான்கு சதவீதம் என்று காட்டியது. எனக்கு எதிரே இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மானி ஐம்பது என்றது. சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய இருவர், பெட்டியின் விளிம்பைச் சுற்றி ஓடிய பசையை ஒரு நைலான் இழையால் அறுக்கத் தொடங்கினார்கள். ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம், மரம் அறுப்பதுபோல இழுத்தார்கள்.

இதை மாலை மூன்று மணிக்கு வைத்திருந்தால் வெளி ஈரம் பத்துப் புள்ளியாவது குறைந்திருக்கும். ஆனால் அவர்களுக்குத் திரும்பும் ரயில் மாலையில். புதுக் கண்ணாடியைப் பொருத்தவே மதியம் ஆகிவிடும். நான் சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. முன்பக்கக் கண்ணாடியை நான்கு கைகளால் தூக்கி எடுத்ததும் உள்ளே இருந்த மானியைப் பார்த்தேன். ஐம்பத்தொன்று. ஐம்பத்தெட்டு. பதினோராவது நிமிடத்தில் எழுபதைத் தாண்டியது. அந்த ஐம்பதை நான் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தேடியவன். கிடைத்த ஆறாம் மாதத்தில் நானே ஆள் வைத்து அதைக் கெடுத்தேன்.

இப்போது வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள். "மத்த பதினாறு பெட்டியும் ஒட்டினது ஒட்டினபடியே இருக்கு. இது ஒண்ணுக்கு மட்டும் ஏன் சார் கதவு?" வாயால் சொன்னால் பாதியில் போன் வந்து எழுந்து போய்விடுகிறார்கள். அதனால் எழுதுகிறேன். முழங்கால் வலியால் ஒரே மூச்சில் உட்கார முடிவதில்லை. இதை எழுத நான்கு நாள் ஆயிற்று.

வேதியியல் படித்துவிட்டு இங்கே உதவிப் பாதுகாவலராகச் சேர்ந்தேன். வடக்கே பத்து மாதம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே கற்றதைச் சுருக்கிச் சொன்னால் இரண்டு விஷயம்தான். ஒன்று, பழைய பொருளைக் கெடுப்பதில் முதல் இடம் அதன்மேல் அன்பு வைத்தவர்களின் கைகளுக்கு. இரண்டாவது, ஈரம் ஏறுவதைவிட ஏறி ஏறி இறங்குவது மோசம். கம்பளி, காகிதம், தோல் எல்லாம் ஈரத்தில் உப்பி, வறட்சியில் சுருங்கும். அப்படி ஆண்டுக்கு முந்நூறு தடவை உப்பிச் சுருங்கினால் எந்த நூலும் தாங்காது. ஐம்பதில் நிறுத்து, அங்கேயே வைத்திரு என்றார்கள். திருச்சியில் அதைச் செய்து பார்க்கும்படி அவர்களைத்தான் அழைத்து வந்திருக்க வேண்டும்.

எங்கள் கட்டடம் இரண்டாம் உலகப் போரின்போது ராணுவச் சாமான்கள் வைக்கக் கட்டியது. செங்கல், சுண்ணாம்பு, ஓடு. சுவர் ஒன்றேமுக்கால் அடி. போர் முடிந்து வெகுகாலம் கிடங்காகக் கிடந்து, பிறகு ஓர் அறக்கட்டளையின் கைக்கு வந்து காட்சியகம் ஆயிற்று. ரேஷன் அட்டைகள், தணிக்கை முத்திரை குத்திய கடிதங்கள், தெருவிளக்குக்குப் போட்ட கறுப்பு மூடிகள், சீருடைகள் என்று ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பொருட்கள். ஒவ்வொன்றையும் நான் குறைந்தது இரண்டு முறை எண்ணியிருக்கிறேன்.

நடுவில் ஒரு நல்ல எண்ணத்தில் இரண்டு காரியம் செய்தார்கள். உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சின்மேல் சிமென்ட் பூசினார்கள். குளிர்சாதனம் மாட்டினார்கள். சிமென்ட் பூசிய சுவர் உள்ளே போன ஈரத்தை வெளியே விடவில்லை. குளிர்சாதனமோ மின்சாரம் இருக்கும்வரை ஓடும். கோடையில் ஒரு நாளைக்கு நான்கு தடவை கரண்ட் போகும். நான்கு தடவையும் ஈரமானியின் முள் ஏறி இறங்கும். ஒரு மழைக்காலத்தில் மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் போனபோது, ரேஷன் அட்டைக் கட்டு ஒன்றில் பூசணம் பிடித்து ஒட்டிக்கொண்டது. இருபத்தாறு அட்டை. பிரிக்கப் பார்த்ததில் ஒன்பதுதான் தேறியது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அறுபதில் ஓய்வு பெற்றேன். எட்டு ஆண்டு கழித்துக் கூப்பிட்டார்கள். கட்டடத்தைப் புதுப்பித்து ஒரு புதுக் கூடமும் சேர்க்கப்போகிறோம், பொருட்களை எடுத்து வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். மறுத்திருக்கலாம்.

புதிய இயக்குநர் மாலதி மேடம் கட்டடக் கலை படித்தவர். வயது ஐம்பதுக்குள். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மதியம் தயிர்சாதத்தைக்கூட வேப்பமரத்தடியில் நின்றபடி டப்பாவிலிருந்து சாப்பிடுவார். கொத்தனார் முதல் கமிட்டித் தலைவர் வரை எல்லாரும் அவருக்கு 'சார்'தான். வந்த முதல் நாள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டடம் முழுக்க நடந்தார். பத்தடிக்கு ஒரு தடவை சுவரை விரல் முட்டியால் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார். "உள்ள நல்லாத்தான் சார் இருக்கு. மேல போட்டிருக்கிற சட்டைதான் மூச்சு முட்டுது" என்றார். சிமென்ட்டை முழுக்க உரிக்கச் சொன்னார்.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. எந்தச் செலவுத் தாள் வந்தாலும் நின்றபடி, உதடு அசைய வாசிப்பார். பென்சில் நுனியை ஒரு வரியில் வைப்பார். "இது இல்லாட்டி என்ன ஆகும்?" பதில் சொல்ல மூன்று மூச்சு நேரம் தருவார். அதற்குள் பதில் வராவிட்டால் மெல்லிய கோடு ஒன்று அந்த வரியின்மேல் விழும். அப்படித்தான் குளிர்சாதனம் போயிற்று. பொய்க்கூரை போயிற்று. பளிங்குத் தரை போயிற்று. பின்புறத் தகரக் கொட்டகையின் சுவரை இடித்த செங்கல்லைக் கழுவி எண்ணிப் புதுக் கூடத்துக்கு வைத்தார்கள். கூரைத் தண்ணீர் முழுக்க ஒரு தொட்டிக்குப் போயிற்று. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினார்கள். மூன்று வாரம் கட்டடம் முழுக்க எறும்பு. என் மேஜை டிராயரில் மட்டும் ஒரு காலையில் நூற்றுக்கு மேல். புகார் சொன்னேன். "வெல்லம் காஞ்சா போயிடும் சார். எறும்பு இல்லாட்டி என்ன ஆகும்னு கேக்காதீங்க" என்று சிரித்தார். பூச்சு காய்ந்ததும் எறும்பு போய்விட்டது. சுவர் ஈரத்தை வாங்கி விடத் தொடங்கியது. முள்ளின் ஏற்ற இறக்கம் பாதியாகக் குறைந்தது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனாலும் கம்பளிக்கும் காகிதத்துக்கும் அது போதாது. அவற்றுக்காக மின்சாரமே வேண்டாத பெட்டிகள் வந்தன. காற்றுப் புகாத கண்ணாடி. அடியில் ஒரு தட்டில் ஐம்பதுக்குப் பழக்கிய சிலிக்கா மணிகள். ஈரம் ஏறினால் மணிகள் வாங்கிக்கொள்ளும், குறைந்தால் விடும். கெட்ட வாயுக்களை உறிஞ்ச ஒரு கரித்துணி. சாமர்த்தியம் முழுக்க எவ்வளவு குறைவாகக் கசிகிறது என்பதில்தான் இருக்கிறது. கசிவது கதவின் ஓரத்தில். ஆகவே மேடம் பென்சிலைக் கதவில் வைத்தார்.

பதினேழு பெட்டியில் ஒன்றுக்கு மட்டும் நான் ஆண்டுக்கு ஒரு முறை திறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அது ஆறுமுகத்தின் கோட்டுக்கான பெட்டி.

ஆறுமுகம் மண்ணச்சநல்லூர்க்காரர். போரில் பர்மா எல்லையில் ராணுவ லாரி ஓட்டியவர். திரும்பி வந்தபோது கையில் இருந்தது ஒரு கம்பளிக் கோட்டு. பிறகு அரிசி ஆலை லாரி ஓட்டினார். பச்சைமலைக்கு விடியற்காலை லோடு எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போவாராம். அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, ஒரே மகள் அமிர்தத்திடம் நான் அதைக் கேட்டு வாங்கினேன். இடது பையில் பதினோரு உமி இருந்தது. டீசல், தவிடு, பீடி எல்லாம் கலந்து ஒரு வாசனை.

விலைக்குத் தர அமிர்தம் சம்மதிக்கவில்லை. இனாமாகவும் இல்லை. இரவலாகத் தந்தார். ஒரே ஒரு நிபந்தனை. ஐப்பசித் தேய்பிறைத் தசமி, அவர் அப்பாவின் திதி. அன்றைக்கு அந்தக் கோட்டை அவர் உட்கார்ந்த மர நாற்காலியில் போர்த்தி, அதன் எதிரே இலை போட்டுப் படைக்க வேண்டும். கோட்டு இல்லாமல் படையல் இல்லை. "நானே கொண்டு வந்து தரேன், நானே எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. முழங்கால் நன்றாக இருந்தது.

அதன்பின், நான் ஓய்வில் இருந்த ஆண்டுகளையும் சேர்த்து, கொரோனா வந்த இரண்டு ஆண்டு நீங்கலாக முப்பத்தைந்து முறை கோட்டு மண்ணச்சநல்லூர் போய் வந்தது. ஒவ்வொரு முறையும் காலரில் விபூதியும், நெய்யும், சாம்பிராணிப் புகையுமாகத் திரும்பும். நான் அதைப் பாலிதீன் உறையில் கட்டி, ஐஸ்கிரீம் கடையிலிருந்து வாங்கிய பழைய உறைபெட்டியில் இரண்டு வாரம் வைப்பேன். பூச்சியோ முட்டையோ இருந்தால் செத்துவிடும். எடுத்து ஒரு நாள் உறையைப் பிரிக்காமல் ஆற விட வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த கம்பளியில் தண்ணீர் முத்துமுத்தாகக் கோத்துக்கொள்ளும். பிறகு மெல்லிய வலையைப் போர்த்தி அதன்மேல் தூசி உறிஞ்சும் குழலை விரல் கனம் தூக்கிப் பிடித்து, காலரிலிருந்து கீழ்நோக்கி இழுக்க வேண்டும். எதிர்த்து இழுக்கக் கூடாது. எனக்கு அது இரண்டு மணி நேர வேலை. முதுகு மூன்று நாள் பேசும்.

பெட்டிகள் ஒட்டப்பட்ட வாரத்தில் எனக்குக் கண் அறுவை. கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்து பார்த்தேன். கோட்டு உள்ளே நின்றது, உள்ளே ஆள் இருப்பதுபோல. நான்கு பக்கமும் சுற்றினேன். கீல் இல்லை. பூட்டு இல்லை.

"மேடம், இதுக்குக் கதவு?"

"எடுத்துட்டேன் சார். ஒரு நாளைக்காக முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் கசியணுமா? நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்க, தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன். முள்ளைப் பாருங்க."

பார்த்தேன். ஐம்பது. மறுநாளும் ஐம்பது. ஆடிக் காற்றில் கூடத்தின் முள் முப்பத்தெட்டுக்கு இறங்கியபோதும் ஐம்பது. ஒரு யூனிட் மின்சாரம் இல்லை. தினமும் காலையில் வந்து அதன்முன் நிற்பேன். தர்ம தரிசனத்துக்கு நிற்பவனைப்போல நிற்கிறேன் என்று காவலாளி கேலி செய்தார். நிபந்தனையை உடனே சொல்லிச் சண்டை போட்டிருக்க வேண்டும். அந்த முள்ளைப் பார்த்தபின் வாய் வரவில்லை. ஆவணி பிறந்ததும், மேடத்திடம் போவதற்குப் பதில் பஸ் ஏறி மண்ணச்சநல்லூர் போனேன். இந்த ஆண்டு கோட்டு வராது என்று அமிர்தத்திடம் சொல்லிவிடலாம் என்று.

அமிர்தத்துக்கு எழுபத்தாறு வயது. வீட்டுக்குப் பின்னால் அரிசி ஆலை. எதிர்ச்சுவர் அளவுக்கு உமி மலை. காபி கொடுத்தார். நான் பெட்டியைப் பற்றி, மணிகளைப் பற்றி, ஐம்பதைப் பற்றி இருபது நிமிடம் விளக்கினேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப எங்கப்பாவை உள்ள வெச்சுப் பூசிட்டீங்க."

"பூசலைம்மா, ஒட்டியிருக்கு. அவரு கோட்டுக்கு நல்லதுதான். இன்னும் நூறு வருஷம் இருக்கும்."

"யாருக்குங்க சார்?"

நான் காபியைப் பார்த்தேன்.

"வருசத்துக்கு ஒருநா பரோல்ல வந்துக்கிட்டிருந்தாரு. இப்ப அதையும் நிறுத்திட்டீங்களா? என்ன குத்தம் பண்ணாருன்னு எழுதியாவது குடுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு சிரிப்பு நின்றது. "சரிங்க. நான் உங்களைத் திட்ட மாட்டேன். முப்பத்தஞ்சு தடவ நடந்திருக்கீங்க. ஆனா என் சாமானை என்கிட்டயே குடுத்துடுங்க. முழுசா. இங்க பீரோவுல கெடக்கட்டும்."

"பூச்சி அரிச்சிடும்மா. நாலு வருஷம் தாங்காது."

"நான் நாலு வருசம் தாங்குவேனா? ரெண்டும் ஒண்ணா போகட்டும்."

இரவல் பொருள். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். புதுக் கூடத்தின் நடுப்பெட்டி அது. ஆறுமுகத்தின் அளவுக்கு அளந்து செய்தது. கோட்டும் போய்விடும், போன இடத்தில் அழிந்தும் போய்விடும். டோல்கேட்டில் அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் நின்றேன். உட்கார இடமில்லை.

மறுநாள் மேடத்திடம் போனேன். வேப்பமரத்தடியில் டப்பாவோடு நின்றிருந்தார். முழுதும் கேட்டார். நான் எதிர்பார்த்த கேள்விதான் வந்தது.

"அந்தக் கோட்டு இல்லாட்டி என்ன ஆகும் சார்?"

"ஒண்ணும் ஆகாது மேடம். பெட்டியில அம்பது அப்படியே நிக்கும். இன்னும் நல்லாவே நிக்கும்."

மூன்று மூச்சு ஆயிற்று. ஸ்பூனை டப்பாவுக்குள் வைத்து மூடினார். அவருக்குக் கோபம் என்று தெரிந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

"தொறந்துட்டு மறுபடி ஒட்டுறதுன்னா வருஷா வருஷம் இதே கூத்து" என்றார். "வெட்டினா கதவு வெச்சுத்தான் மூடணும். கசியும். மூணு நாலு ஏறும். மணியை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துறதுக்குப் பதிலா ஆறு மாசத்துக்கு ஒரு தடவ மாத்தணும். உங்க வாக்குக்கு நாங்க தர்ற வெலை சார் இது."

"தெரியும் மேடம்."

"திட்டக் கணக்கை மூடியாச்சு. இனி ஒரு ஆணி வாங்கினாலும் கமிட்டிக்குப் போகணும். கமிட்டி டிசம்பர்ல. உங்க திதி எப்போ?"

"அக்டோபர் இருபத்தாறு."

"அப்புறம்?"

"நான் போட்டுக்கறேன்."

"பென்ஷன்லயா? வீட்ல சொல்லிட்டீங்களா?"

சொல்லவில்லை. அதை அவரிடமும் சொல்லவில்லை. மேடம் அன்று மாலையே சென்னைக்குப் பேசினார். கதவின் வரைபடத்தை அவரே போட்டார். கீல் வெளியே தெரியாது. ரப்பர் பட்டை இரண்டு அடுக்கு. அறுத்த அன்று காலை ஆறு மணிக்கே வந்து, வெறுங்காலோடு என் பக்கத்தில் நின்றார். முள் எழுபதைத் தாண்டும்வரை பார்த்தார்.  பிறகு சுவரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

திதிக்கு முதல் நாளே கோட்டை மண்ணச்சநல்லூரில் வைக்க முடியாது. ஆலைத் தெருவில் எலி. அதனால் எப்போதும் ஓர் இரவு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில்தான் இருக்கும். என் மனைவி வைதேகி வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஏன்னா, போன வருஷமே சொன்னேனே, இது இனிமே நம்மாத்துப் படி தாண்டப்படாதுன்னு. அதுவும் வெள்ளிக்கிழமையும் அதுவுமா!"

"இதுவரைக்கும் முப்பத்தஞ்சு தடவ வந்திருக்கு. என்ன ஆயிடுத்து?"

"என்ன ஆயிடுத்தா? உங்க முழங்கால் போயிடுத்து. நீங்க எண்ணினேள், நான் எண்ணலை, அவ்வளவுதான்."

மாடி வராந்தாக் கொடியில் உறையோடு தொங்கவிட்டேன். அரை மணி கழித்துத் தூறல் வலுத்தது. நான் எழுவதற்குள் அவளே போய் எடுத்து வந்தாள். "நனைஞ்சா அதுக்கும் ஒரு வாரம் பொலம்புவேள்" என்று கூடத்து நாற்காலியில் மாட்டினாள். பெருமாள் அலமாரிக்குக் கதவு சாத்தினாள். கதவுக்கு நான் கொடுக்கப்போகும் பணத்தை அப்போதுதான் சொன்னேன். அவள் உள்ளே போனாள். மோர் மட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

சனிக்கிழமை காலை திருவானைக்கோவிலில் பஸ் ஏறினேன். கொள்ளிடத்தில் செம்மண் நிறமாகத் தண்ணீர். எட்டு மணிக்கு அமிர்தம் வீடு. மகன், மருமகள், இரண்டு பேரப் பிள்ளைகள், இலை, மட்டன் குழம்பு, ஒரு டம்ளர் டீ, ஒரு பீடிக் கட்டு. நாற்காலியைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். உறையைப் பிரித்துக் கோட்டைப் போர்த்தினேன். தோள் மடிப்பைச் சரிசெய்தேன். விபூதி எடுக்கக் குனிந்த அமிர்தம், காலருக்குப் பக்கத்தில் முகத்தை வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"சார். வாசனை எங்க?"

நானும் குனிந்தேன். ஒன்றும் இல்லை. கம்பளி வாசனைகூட இல்லை. அடித்தட்டுக் கரித்துணி எனக்கு நினைவுக்கு வந்தது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. ஐந்தரை மாதத்தில் டீசலையும் தவிட்டையும் பீடியையும் முப்பத்தைந்து ஐப்பசியின் சாம்பிராணியையும் முழுக்க எடுத்துவிட்டது. நான் படித்த பாடத்தின்படி அந்த வாசனை ஓர் அழுக்கு. அதை எடுக்க நானே ஒப்புதல் கொடுத்திருந்தேன்.

"பெட்டியில ஒரு துணி இருக்கும்மா. அது எடுத்துடும்."

"போட்டோவுல பாக்குற மாதிரி இருக்கு" என்றார். அழவில்லை. பேரப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அமிர்தம் கொல்லைப் பக்கம் போனார். திரும்பி வரும்போது கை நிறையத் தவிடு. நேராக வந்து கோட்டின் இடது பையைத் திறந்தார்.

என் கை அவர் கையைப் பிடித்துவிட்டது. இத்தனை ஆண்டில் அவரை நான் தொட்டதில்லை.

"தவிடு வேண்டாம்மா. அதுல எண்ணெய் இருக்கு. பூச்சிக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது. ஒரு வருஷத்துல பை இருக்காது."

"இதுக்கும் ரூலா?"

"உமி போடுங்க. உமின்னா பரவாயில்ல. உமியைப் பூச்சி தின்னாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உமியில வாசனை கம்மி சார்."

"நெறைய போடுங்க."

மகன் ஓடிப்போய் ஒரு முறம் உமி கொண்டுவந்தான். அமிர்தம் இரண்டு கைப்பிடி அள்ளிப் பையில் போட்டு, அழுத்தி, தட்டிவிட்டார். பிறகு விபூதி வைத்தார். சாம்பிராணி போட்டார். நான் வழக்கம்போல ஜன்னல் ஓரமாக நின்றேன். அன்றைக்கு மட்டும், புகை போக ஜன்னலைத் திறக்கச் சொல்லவில்லை. சாப்பிடச் சொன்னார்கள். எனக்கு இலையில் தயிரும் ஊறுகாயும்தான், முப்பத்தைந்து தடவையாக அதேதான்.

கோட்டைத் திரும்ப மடிக்கும்போது அமிர்தம் கேட்டார். "அடுத்த வருசமும் வருவீங்கல்ல?"

"கதவு வெச்சாச்சும்மா. நான் வராட்டி வேற யாராவது கொண்டு வருவாங்க."

"வேற யாராவதுன்னா வேணாம். அவங்க ஜன்னலைத் தொறப்பாங்க."

கோட்டை இரண்டு வாரம் உறைய வைத்தேன். ஒரு நாள் ஆற விட்டேன். வலையைப் போர்த்தி இரண்டு மணி நேரம் சுத்தம் செய்தேன். இடது பையைத் தொடவில்லை. கரித்துணியைத் தட்டிலிருந்து எடுக்கலாமா என்று மேடத்திடம் கேட்டேன். "அது இல்லாட்டி என்ன ஆகும்?" என்றார். "வாசனை இருக்கும்" என்றேன். அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் பென்சிலால் கோடு போட்டார். கோட்டைக் கதவு வழியாக உள்ளே நிறுத்தினோம். முள் ஒரு மாதம் அலைந்துவிட்டு ஐம்பத்து மூன்றில் நின்றது. மழைநாளில் ஐம்பத்து நான்கு. எனக்கு அது இன்றுவரை உறுத்துகிறது. ஐம்பத்து மூன்று தப்பில்லை. ஆனால் ஐம்பது இல்லை.

திதி முடிந்த இரண்டாம் நாளே, டிசம்பர் கமிட்டியில் கேட்டுப் பணத்தைத் திருப்பி வாங்கித் தருகிறேன் என்றிருந்தார் மேடம். வேண்டாம் என்றேன். நான் கொடுத்த வாக்கு, கமிட்டி கொடுத்ததல்ல. வைதேகி இதைக் கேட்டுவிட்டு, இந்த ஆண்டு தீபாவளிக்குப் புடவை வேண்டாம் என்றாள். கோபத்தில் சொன்னாளா, கணக்காகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

இதுதான் பிள்ளைகளே, அந்தக் கதவு. கண்ணாடி, கீல், இரண்டு அடுக்கு ரப்பர், மணிகளை மறுபடி பழக்கியது, சென்னையிலிருந்து இருவர் வந்து போனது, திருவானைக்கோவிலிலிருந்து மண்ணச்சநல்லூர் போய் வந்த பஸ் எல்லாம் சேர்த்து, உமிக்கு அமிர்தம் காசு வாங்காததால் அது நீங்கலாக, நாற்பத்தோராயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு ரூபாய்.